யார் பேரில் எழுதுவது

பரிந்துரைக் கடிதம் என்றால் எங்கள் பக்கம் கையெழுத்து என்று அர்த்தம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். யார் போட்டது, என்ன பதவி, வட்ட முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா, இது போதும். இதைச் சொன்னால் எனக்கு வாய் நீளம் என்பார்கள். நீளம்தான். பதினோரு வருஷம் அடுத்தவர் பேரில் கடிதம் எழுதினால் யாருக்கும் நீளும்.

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். நிரந்தர வேலை இல்லை. ஒவ்வொரு ஜூனிலும் திரும்ப எடுப்பார்களா மாட்டார்களா என்று மேலகரத்தில் வீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. இந்தப் பதினோரு வருஷத்தில் எங்கள் துறையிலிருந்து வெளியே போன பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் நான் எழுதியவை. ஒன்றில்கூட என் பெயர் கிடையாது. துறைத் தலைவர் பேரில் நான் எழுதுவேன், அவர் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். பிள்ளைகள் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். போகிற வழியில் நான் எதிர்ப்பட்டால் எனக்கும் ஒரு சிரிப்பு கிடைக்கும்.

அவருடைய மெயிலைத் திறப்பதும் நான்தான். பாஸ்வேர்டு என் டைரியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. வருவதை வாசித்து, முக்கியமானதைப் பிரிண்ட் எடுத்து அவர் மேஜையில் வைக்க வேண்டும். அதன் ஓரத்திலேயே பேனாவால் பதில் எழுதித் தருவார். நான் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். இந்தக் காலத்தில் இப்படியும் ஒருவரா என்று கேட்பீர்கள். எங்கள் கல்லூரியில் துறைக்கு ஒருவர் இருக்கிறார்.

இனி அந்தப் பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். வடகரைக்காரி. அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து நெல்லும் தென்னையும் பார்ப்பவர். எங்களிடமே இளங்கலை, எங்களிடமே முதுகலை. முதுகலை ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது தட்டான்பூச்சி. தட்டான் பறக்கத் தொடங்கும் முன்னால் மாதக்கணக்கில் தண்ணீருக்கு அடியில் புழுவாகக் கிடக்கும். குற்றாலத்தில் சீசனுக்கு வருகிற கூட்டம் எண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டு, ஷாம்பூ பாக்கெட்டைக் கிழித்துத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகிறதே, அதனால் அந்தப் புழுக்களுக்கு என்ன ஆகிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் அவள் வேலை. குளிக்கிற இடத்துக்கு மேலே ஓரிடம், கீழே மூன்று இடம். வாரம் ஒருமுறை ஆற்றுக்குள் இறங்கி, கல்லைப் புரட்டி, வலையில் வாரி, வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ண வேண்டும்.

கூட நின்றவள் நான். முழங்கால் தண்ணீரில் நின்று நின்று என் கால் விரல் இடுக்கெல்லாம் புண். ஆய்வேட்டின் முகப்பில் வழிகாட்டி என்று துறைத் தலைவர் பெயர் இருக்கிறது. கௌரவ விரிவுரையாளர் வழிகாட்டியாக இருக்க விதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவரும் ஒரு தடவை ஆற்றுப் பக்கம் வந்தார், இல்லை என்று சொல்ல மாட்டேன். குடும்பத்தோடு குளிக்க வந்தார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் டிசம்பரில், அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அவள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறாள். ஆற்றுப் பூச்சிகளை வைத்து ஆய்வு செய்கிற ஒரு பேராசிரியையிடம் ஒரே ஓர் இடம். உதவித்தொகையோடு. அது கிடைக்காவிட்டால் வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், ஒரு வருஷம்தான் தவணை என்று அப்பா சொல்லியிருந்தார். மூன்று பேர் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும். இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். மூன்றாவது கடிதத்தை, ஆய்வைக் கூட இருந்து பார்த்தவர் எழுத வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே போட்டிருந்தது.

"நீங்க எழுதுங்க மேடம்" என்றாள்.

"என் பேர்லயா? கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?"

"நீங்கதான மேடம் கூட நின்னீங்க."

"நின்னா? கெஸ்ட் லெக்சரர்னு கீழ போட்டா, அங்கன உள்ளவன் நான் விருந்துக்கு வந்தவன்னு நெனைப்பான். சார் பேர்ல நான் எழுதித் தாரேன். சரக்கு என்னோடது, முத்திரை அவரோடது. ஒனக்கு ரெண்டும் கிடைக்கும்லா."

அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். மழை விடட்டும் என்று நிற்கிறாள் என்று நினைத்தேன். போகும்போது வாசலில் நின்று இன்னொரு தடவை கேட்டாள், உங்கள் பேரில் எழுதினால் உங்களுக்கு ஏதாவது பிரச்சினை வருமா மேடம் என்று. எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, உனக்குத்தான் பிரச்சினை, சொன்னதைக் கேள் என்று அதட்டி அனுப்பினேன். இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் நான்தான் வேண்டாம் என்றேன். இதைச் சொல்லாமல் மற்றவர்களை மட்டும் திட்டிக்கொண்டு போனால் அது நியாயம் இல்லை.

மறுநாள் அவள் அப்பாவே வந்துவிட்டார். நெஞ்சை நிமிர்த்தி நின்று பேசுகிற மனிதர். மகள் என் பெயரைச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தாள் போலிருக்கிறது.

"நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது டீச்சர். பட்டாளத்துல நான் பாத்திருக்கேன். பேப்பர்ல என்ன இருக்குன்னு ஒருத்தனும் பாக்க மாட்டான். ஒப்பு யாரு போடுதான்னுதான் பாப்பான்."

"நானும் அதத்தான் அவகிட்ட சொன்னேன் அண்ணாச்சி" என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்னைப் பற்றிச் சொன்னால் அது அடக்கம். அதையே அவர் வந்து சொன்னால் அது வேறே. ஆனாலும் தலையை ஆட்டினேன். இரண்டு பேரும் சேர்ந்தே துறைத் தலைவர் அறைக்குப் போனோம்.

அவர் எப்போதும் சொல்வதைச் சொன்னார். "அதுக்கென்ன, எழுதிக் கொண்டா, போட்டுருதேன்."

நான்கு நாள் எழுதினேன். வழக்கமாக எழுதுகிற கடிதம் என்றால் கால் மணி நேரம் போதும். ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, ஆசிரியர்களை மதிப்பவர். பெயரை மாற்றி மாற்றி அதையே ஐம்பது பேருக்குக் கொடுத்திருக்கிறேன். இவளுக்கு அப்படிச் செய்ய மனசு வரவில்லை. இவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது வேறு.

ஆய்வு தொடங்கி மூன்று மாதம் கழித்து, ஒருநாள் காலையில் முகமெல்லாம் வாடிப்போய் வந்தாள். ஒரே வகை என்று நினைத்து எண்ணிக்கொண்டிருந்த புழுக்களில் இரண்டு வகை இருக்கிறதாம். முந்தின நாள் லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்ததாம். மூன்று மாதக் கணக்கும் தப்பு. அவளைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் அது தெரியப் போவதில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடுட்டி, எம்.எஸ்ஸி. ஆய்வ யாரு வாசிக்கப் போறா, அப்படியே வச்சுக்கோ" என்றேன். அவள் என் முன்னாலேயே அந்த நோட்டில் மூன்று மாதத்துக்கும் குறுக்கே கோடு போட்டாள். அடுத்த வாரம் முதலில் இருந்து எண்ண ஆரம்பித்தாள். அந்த மூன்று மாதத்தை ஈடு கட்ட, சீசன் முடிந்து ஆளில்லாத ஆற்றில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு நின்றாள்.

இதை எழுதினேன். அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்லி நான் அறிவுரை சொன்னேன், அவள் கேட்கவில்லை, அவள் செய்ததுதான் சரி என்று எழுதினேன். எழுதும்போது அந்த 'நான்' நானாகத்தான் இருந்தேன். எழுதி முடித்துக் கீழே அவர் பெயரையும் பதவியையும் போட்டேன். அந்த 'நான்' இப்போது யார் என்று எனக்கு உறைக்கவே இல்லை. இத்தனை வருஷப் பழக்கம் அது. பச்சை மைக்குள் உட்கார்ந்து எழுதி எழுதி, நான் எங்கே முடிகிறேன், அவர் எங்கே தொடங்குகிறார் என்பதே மறந்துபோயிருந்தது.

அவர் வாசிக்கவில்லை. இரண்டு பக்கமா என்று மட்டும் கேட்டார். அந்த இணையதளத்தில் கையெழுத்துக்கு இடமே இல்லை, நேரடியாக ஏற்றினால் போதும் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. பிரிண்ட் எடுக்கச் சொல்லி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, முத்திரை கலங்கிவிட்டது என்று இன்னொரு பிரதி எடுக்கச் சொல்லி, மறுபடியும் குத்தினார். அதை நான் ஸ்கேன் செய்து, அவர் மெயிலுக்கு வந்த இணைப்பைத் திறந்து, அவராக உள்ளே போய் ஏற்றினேன். விண்ணப்பதாரரை எந்த வகையில் அறிவீர்கள் என்று கேட்டிருந்தது. ஆற்றில் கூடவே நின்ற வகையில் என்று எழுதினேன்.

பிப்ரவரியில் அந்தப் பேராசிரியையிடமிருந்து துறைத் தலைவருக்கு மெயில் வந்தது. கடைசிச் சுற்றில் இரண்டு பேர் இருக்கிறார்கள், கடிதம் எழுதிய உங்களிடம் வீடியோ அழைப்பில் பத்து நிமிஷம் பேச வேண்டும் என்று. ஓடிப்போய், கடிதத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள் சார் என்றேன். "நம்ம பிள்ளையப் பத்தி நமக்குத் தெரியாதாம்மா" என்று சொல்லிவிட்டார்.

லேப்டாப்பை அவர் மேஜையில் வைத்து எல்லாம் சரி செய்து கொடுத்தேன். "நீ அங்கிட்டு இரு" என்றார். பீரோவுக்குப் பக்கத்தில், கேமராவில் தெரியாத இடத்தில் நின்றேன். அந்த அம்மாள் மரியாதையாகப் பேசினார். கடிதம் மிகவும் பிடித்திருந்தது என்றார். அந்த மூன்று மாதக் கணக்கை அவள் அடித்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா, நீங்கள் வைத்துக்கொள்ளச் சொல்லியும் அவள் ஏன் கேட்கவில்லை என்று கேட்டார்.

எங்கள் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் அழகாக, அழுத்தமாகச் சொன்னார்: அப்படி எதுவும் நடக்கவில்லை. எங்கள் கல்லூரி மாணவிகள் எடுத்த கணக்கை அடிக்கவே மாட்டார்கள். ஆசிரியர் சொன்னதை மீறவும் மாட்டார்கள். அவள் மிகவும் அடக்கமான பெண், நல்ல குடும்பம்.

அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். அந்த அம்மாள் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

லேப்டாப்பை மூடியதும் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா எழுதி வச்சிருக்க? தப்புக் கணக்க வச்சுக்கன்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

"நான் சொன்னேன் சார்."

"நீ சொன்னத என் பேர்ல ஏன் எழுதுன?"

பதினோரு வருஷத்தில் அவர் கேட்ட ஒரே நியாயமான கேள்வி அது. நாசமாய்ப் போன கேள்வி, அன்றைக்குத்தானா அது அவருக்கு வர வேண்டும்.

மறுநாள் காலையில் மெயில் வந்தது. அந்தப் பேராசிரியை எழுதியிருந்தார். இந்த வருஷம் எனக்கு வந்த கடிதங்களில் இதுதான் சிறந்தது. எழுதியவருக்கு அந்தப் பெண்ணை நன்றாகத் தெரியும். நேற்றுப் பேசியதை வைத்துப் பார்த்தால், அது வேறொருவராக இருக்கலாம் என்று தோன்றுகிறது. இருந்தால் அதில் தவறில்லை. அவர் தன் பேரில் இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும், வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கிறேன்.

வாசித்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் எழுதிய ஒன்றை வாசித்து, எழுதியவர் யார் என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் அவருடைய மெயில் பெட்டியில் வந்து கிடக்கிறது.

பிரிண்ட் எடுத்து வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "இதுக்கு என்ன யோசனை? நாந்தான் எழுதினேன்னு போடு. ஃபோன்ல சரியா கேக்கலன்னு போடு."

"சார், நான் வேணும்னா ரெண்டு வரி..."

"அப்பம் நான் பொய் சொன்னேன்னு ஆகும்லா. காலேஜுக்கு என்ன பேரு வரும்?" என்றார். சொல்லிக்கொண்டே மேஜையின் இடது பக்கம் இருந்த காகிதக் கட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

அந்தக் கட்டில் மேலாக இருந்தது என்னுடைய பணி அனுபவச் சான்று. இத்தனை வருஷம் இங்கே வேலை பார்த்தேன் என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் நிரந்தரப் பணித் தேர்வுக்கு நான் விண்ணப்பிக்க முடியும். மூன்று வாரமாக அங்கே கிடந்தது. அவர் வேண்டுமென்று நகர்த்தினாரா, கைக்கு இடம் வேண்டி நகர்த்தினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். இதில் மட்டும் சத்தியம் செய்ய முடியாது.

என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். அது அவர் பெட்டி. என் பெட்டி பக்கத்துத் தாவலில் திறந்துதான் இருந்தது. அங்கே போய், அம்மா, எழுதியவள் நான்தான் என்று இரண்டு வரி தட்டினால் முடிந்தது சோலி. அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் பெட்டியில், அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி அனுப்பினேன். கடிதம் என்னால்தான் எழுதப்பட்டது. அழைப்பில் ஒலி தெளிவாக இல்லை. இப்படிக்கு, அவர் பெயர், அவர் பதவி.

சான்றில் மறுநாளே கையெழுத்து விழுந்தது. முத்திரை ஒரே குத்தில் தெளிவாக விழுந்திருந்தது. அந்தத் தேர்வு இன்னும் நடக்கவில்லை.

அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. என்னிடம் வந்து சொன்னபோது அழவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. அவளை வைத்துக்கொண்டே ஜெர்மனிக்காரர்களைத் திட்டினேன், துறைத் தலைவரைத் திட்டினேன், விதியைத் திட்டினேன், அவள் அப்பாவையும் ஒரு வார்த்தை சொன்னேன். மெயில் வந்ததை மட்டும் சொல்லவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சரி மேடம் என்று போனாள். எப்படியோ அப்பாவிடம் மன்றாடி இன்னும் ஒரு வருஷம் வாங்கி, பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அடுத்த டிசம்பர் வந்ததும் நான் காத்திருந்தேன். அவள் மறுபடியும் விண்ணப்பிப்பாள், இந்தத் தடவை கேட்டால் என் பேரில்தான் எழுதுவது என்று முடிவு செய்து வைத்திருந்தேன். கேட்கட்டும், கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். இணைப்பு வருகிறதா என்று தினமும் என் பெட்டியைப் பார்ப்பேன், பிறகு அவர் பெட்டியைப் பார்ப்பேன். ஜனவரி முடிந்தது. இரண்டிலும் வரவில்லை.

இந்த ஜூனில் சாரல் தொடங்கிய வாரம் அவளும் அப்பாவும் கல்லூரிக்கு வந்தார்கள். அதே பேராசிரியையிடம் இடம் கிடைத்துவிட்டது. அப்பா கையில் ஒரு சால்வை, ஒரு பெரிய அல்வாப் பெட்டி. நேராகத் துறைத் தலைவர் அறைக்குப் போனார். அவள் மட்டும் என் மேஜைக்கு வந்தாள். சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லை என்று சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மூணாவது லெட்டர் யாருட்டி எழுதுனா?"

"கூட வேல பாத்த அக்கா ஒருத்தங்க மேடம். வெறும் புராஜெக்ட் அசிஸ்டென்ட்தான். அவங்க வேலையும் மார்ச்சோட முடிஞ்சிட்டு."

"அவ பேர்லயேவா?"

"ஆமா மேடம். இத்தன மாசம் கூட நின்னேன், பாத்தத எழுதுதேன்னு சொன்னாங்க. ரெண்டு நாள்ல எழுதிட்டாங்க."

சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன்.

அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "போன தடவை முடிவு சொல்லும்போது அந்தப் பேராசிரியை எனக்கும் எழுதியிருந்தாங்க மேடம். உங்க சார்கிட்ட, வேற யாரும் எழுதினாங்களான்னு கேட்டேன், அவரு இல்லன்னுட்டாருன்னு. சார் மெயில யாரு தொறப்பாங்கன்னு எனக்குத் தெரியும்லா மேடம்."

அதில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது வரும். ஒரு வருஷம் முழுக்க அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஜெர்மனிக்காரர்களைத் திட்டியபோதும் தெரிந்துதான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

உள் அறையிலிருந்து துறைத் தலைவர் கூப்பிட்டார். "ஏம்மா, இங்கன கொஞ்சம் வா. சால்வை போடுதாங்க, ஒரு போட்டோ எடு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.